நெல்மணியால் அளந்த தோல்

போன வருஷம் ஆனி மாசம் ஒரு சனிக்கிழமை. ஸ்ரீரங்கத்து வீட்டில் அப்பாவுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தேன். அவருக்கு 84 வயது. நல்லெண்ணெயைச் சுட வைத்து, முழங்காலில் தொடங்கி கணுக்கால் வரை நன்றாக அழுத்தி இழுத்தேன். சின்ன வயதில் அவர் எனக்குத் தேய்த்த மாதிரியேதான். மூன்றாவது இழுப்பில் என் கட்டைவிரலுக்கு அடியில் ஏதோ வழுக்கியது. குனிந்து பார்த்தால், முன்னங்காலில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குத் தோல் வெங்காயச் சருகு போலச் சுருண்டு ஒதுங்கியிருந்தது. முதலில் தண்ணீர் மாதிரி கசிந்தது. அப்புறம்தான் பொட்டுப் பொட்டாக இரத்தம்.

பக்கத்துத் தெருவில் இருக்கும் நர்ஸ் அம்மா வந்து பார்த்தார். உப்புநீரில் கழுவி, சுருண்ட தோலை வெட்டாமல், ஈரப் பஞ்சால் மெதுவாகத் தள்ளி பழைய இடத்திலேயே படிய வைத்து, ஒட்டாத கட்டு ஒன்றைப் போட்டார். "வயசானவங்க தோலு சார் இது. தேய்க்கவே கூடாது, தடவணும்" என்றார். அப்பாவுக்கு வலியைவிட என்னைக் கிண்டல் பண்ணுவதில்தான் குஷி. "பெரிய பெருமாளுக்கே தைலக்காப்பு சாத்துறாங்கடா. தேய்க்கிறாங்களா?" என்றார்.

அடுத்த வாரம் தங்கை மகள் வந்தாள். திருச்சியில் உடல்பிடிப்பு சிகிச்சைக்கான சான்றிதழ் படிப்பு படிக்கிறாள். தாத்தா காலைப் பார்த்துவிட்டு, தன் நோட்டை என் முன்னால் போட்டாள்.

"மாமா, தோலுக்கு எத்தனை அடுக்கு? ஒரு பக்கம் ஏழுன்னு போட்டிருக்கு, ஒரு பக்கம் அஞ்சு, ஒரு பக்கம் மூணு. பரீட்சையில எதை எழுதுறது?"

நான் மென்பொருள்காரன். உடற்கூறு எனக்குப் பாடமில்லை. ஆனால் என் கட்டைவிரல் அன்றைக்கு எந்த அடுக்கு வரைக்கும் போனது என்பது எனக்கும் தெரிய வேண்டியிருந்தது. ஒரு வருஷமாக விட்டுவிட்டுப் படித்ததன் குறிப்புகள் இவை.

கோயிலுக்குள் ஒரு மருத்துவமனை

தேடலை வீட்டுக்குப் பக்கத்திலிருந்தே தொடங்கலாம் என்று பட்டது. அரங்கன் கோயிலுக்குள் தன்வந்திரிக்கு ஒரு சன்னதி இருப்பது உள்ளூர்க்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். அங்கே ஓர் ஆரோக்கியசாலை, அதாவது மருத்துவமனை, இருந்தது என்பது அவ்வளவாகத் தெரியாது. சக ஆண்டு 1415, நம் கணக்கில் 1493ஆம் வருஷத்துக் கல்வெட்டு ஒன்று அதைச் சொல்கிறது. போசளர் காலத்தில், சமயபுரம் பக்கத்துக் கண்ணனூரிலிருந்து வீர ராமநாதன் ஆண்டபோது, அவன் அதிகாரி சிங்கண்ண தண்டநாயகன் கட்டியது அந்த ஆரோக்கியசாலை. பின்னால் பாழாகிவிட்டது. அதை ஸ்ரீநிவாசன் என்ற கருடவாகன பட்டர் 1493இல் புதுப்பித்து, தன்வந்திரியையும் எழுந்தருளப் பண்ணினார். கருடவாகன பண்டிதர் என்ற பெயர் ராமாநுஜர் காலத்திலிருந்தே ஒரு வைத்திய வம்சத்தின் பெயராக வருவதைக் கோயிலொழுகு சொல்கிறது.

அந்த ஆரோக்கியசாலைக்குள் அன்றாடம் என்ன நடந்தது என்பதை இந்தக் கல்வெட்டை வைத்துக் கற்பனை பண்ண முடியாது. ஆனால் இதைவிடப் பழைய இன்னொரு மருத்துவமனையின் முழு வரவு செலவே கல்லில் இருக்கிறது. காஞ்சிபுரத்துப் பக்கம் திருமுக்கூடல் வெங்கடேசப் பெருமாள் கோயிலில், வீரராஜேந்திர சோழன் காலத்தில், 11ஆம் நூற்றாண்டில் வெட்டியது. 15 படுக்கை, ஒரு வைத்தியர், கத்தி வைத்துச் சல்லியக்கிரியை செய்கிறவர் ஒருவர், மருந்து கொண்டுவருகிறவர்கள், பணிப்பெண்கள், ஒரு நாவிதர் என்று ஒவ்வொருவருக்கும் எவ்வளவு நெல் என்று பட்டியல் போகிறது. இருப்பில் வைக்க வேண்டிய மருந்துகளில் தைலங்களும் உண்டு.

கத்தி வைக்கிறவருக்குத் தனி ஆள், தனிக் கூலி என்பதைக் கவனியுங்கள். அந்தத் தொழிலுக்கு அடிப்படை நூல் சுசுருத சம்ஹிதை. என் மருமகள் நோட்டில் இருந்த 'ஏழு' அங்கிருந்துதான் வருகிறது.

ஏழு இரவு தண்ணீரில்

சுசுருதர் தோலை எப்படிப் பார்த்தார் என்பதை அந்த நூலே சொல்கிறது. விஷத்தால் சாகாத, நெடுநாள் நோயில் கிடக்காத, உறுப்பு எல்லாம் சரியாக இருக்கும் ஓர் உடலை எடுத்துக்கொள்ள வேண்டும். குடலில் இருப்பதை நீக்கி, உடலைப் புல்லாலும் நாராலும் சுற்றி, ஒரு கூண்டில் வைத்து, ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் ஓடுகிற ஆற்றில் அமிழ்த்தி வைக்க வேண்டும். ஏழு இரவு கழித்து எடுத்து, வெட்டிவேர், மயிர், மூங்கில் நார் இவற்றால் செய்த தூரிகையால் மெள்ள மெள்ளத் தேய்த்துக்கொண்டே, தோலில் தொடங்கி உள்ளே இருப்பது எல்லாவற்றையும் கண்ணால் பார்க்க வேண்டும். கத்தியே இல்லாத அறுவை இது.

இப்படிப் பார்த்துச் சொன்ன ஏழு அடுக்குக்கும் பெயர் உண்டு: அவபாசினி, லோகிதை, சுவேதை, தாம்ரை, வேதினி, ரோகிணி, மாம்ஸதரை. பால் காயும்போது ஆடை படிகிற மாதிரி, கருவில் இவை ஒன்றன்பின் ஒன்றாகப் படிகின்றன என்கிறார். ஒவ்வொன்றும் எவ்வளவு கனம் என்பதற்கு அளவுகோல் ஒரு நெல்மணி. முதல் அடுக்கு நெல்லில் 18இல் ஒரு பங்கு. அடுத்தடுத்து 16இல், 12இல், 8இல், 5இல் ஒரு பங்கு. ஆறாவது ஒரு முழு நெல். ஏழாவது இரண்டு நெல். சதைப்பிடிப்பான இடத்துக்குத்தான் இந்தக் கணக்கு, நெற்றிக்கும் விரலுக்கும் பொருந்தாது என்று ஓர் எச்சரிக்கையும் சேர்த்திருக்கிறார்.

எண்ணைப் பார்த்தால் எனக்குக் கை சும்மா இருக்காது. கூட்டினேன். ஏழும் சேர்ந்து சுமார் 3.53 நெல். நெல்லின் நீளமா, அகலமா, கனமா என்று தெளிவாகச் சொல்லவில்லை. வெர்னியர் வைத்து வீட்டிலிருந்த நெல்லின் கனத்தை அளந்தேன். ஏறக்குறைய 2 மில்லிமீட்டர். அப்படியானால் மொத்தம் 7 மில்லிமீட்டர். முதல் அடுக்கு மட்டும் 0.11 மில்லிமீட்டர்.

இங்கேதான் நாம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். இன்றைய அளவில், உடம்பின் பெரும்பாலான இடங்களில் மேல்தோலின் கனம் சுமார் 0.1 மில்லிமீட்டர். "பார்த்தீங்களா, அப்பவே கண்டுபிடிச்சுட்டாங்க!" என்று வாட்ஸப்பில் போட ஆசைதான் வரும். ஆனால் ஒரு நெல்லில் 18இல் ஒரு பங்கைக் கண்ணாலோ கையாலோ யாராலும் அளக்க முடியாது. 18, 16, 12, 8, 5 என்று இறங்குவதே ஒரு வரிசை ஒழுங்குக்காகப் போட்ட மதிப்பு மாதிரிதான் இருக்கிறது. போதாததற்கு, நெல்லின் அகலத்தை எடுத்தால் கணக்கே மாறிவிடும்.

இன்னொன்று. ஏழு நாள் தண்ணீரில் கிடந்த உடலில் மேல்தோல் தானாகவே கழன்று வரும். கையில் அது கையுறை மாதிரி மொத்தமாக உருவிக்கொண்டு வருவதைத் தடயவியல் மருத்துவர்கள் அறிவார்கள். ஆக, உரித்துப் பார்க்கிறவருக்கு அடுக்கடுக்காகத்தான் தோல் தெரியும். அவர் எடுத்துக்கொண்ட முறையே அடுக்கை உண்டாக்கியும் இருக்கலாம்.

அப்படியானால் ஏழு என்பது வெறும் கற்பனையா? இல்லை. எந்த நோய் எந்த அடுக்கில் இருக்கிறது என்று சுசுருதர் சொல்வதைச் சேர்த்துப் படித்தால்தான் விஷயம் புரிகிறது. மச்சமும் முகத்துக் கருமையும் இரண்டாம் அடுக்கில். வெண்படை நான்காவதில். கட்டி, கழலை, யானைக்கால் ஆறாவதில். சீழ்க்கட்டி, பவுத்திரம் ஏழாவதில். மேலே இருப்பது பார்வைக்கு மட்டும் தொந்தரவு, கீழே போகப் போக ஆபத்து. கத்தி வைக்கிறவர் எவ்வளவு ஆழம் போக வேண்டும் என்று தெரிந்துகொள்ளத்தான் இந்தக் கணக்கு. தோலின் படத்தை அல்ல, ஆழத்தின் வரைபடத்தைத்தான் அவர் கொடுத்திருக்கிறார்.

சரக சம்ஹிதை ஏழு என்று சொல்லவில்லை, ஆறு என்கிறது. அதில் முதல் அடுக்கின் பெயர் உதகதரை, நீரைத் தாங்குவது. இரண்டாவது அஸ்ருக்தரை, இரத்தத்தைத் தாங்குவது. இதைப் படித்ததும் அப்பாவின் கால் ஞாபகம் வந்து கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். முதலில் தண்ணீர், அப்புறம் இரத்தம். கொப்புளம் உடைந்ததையும் சிராய்ப்பையும் கவனமாகப் பார்த்த யாரோ ஒருவர்தான் அந்தப் பெயர்களை வைத்திருக்க வேண்டும்.

அப்பாவின் கால், நுண்ணோக்கியில்

தோலின் மேற்பகுதியை நுண்ணோக்கி வழியாகப் பார்த்து விவரித்தவர்களில் முன்னோடி இத்தாலிக்காரர் மார்செல்லோ மால்பிகி. தொடு உணர்வு பற்றி அவர் எழுதிய நூல் 1665இல் வந்தது. மேல்தோலின் கீழ்ப்பகுதிக்கு அவர் பெயரை வைத்து மால்பிகி அடுக்கு என்று இன்றைக்கும் சொல்வதுண்டு.

இன்றைய பாடம் இப்படி. பெரிய பிரிவு மூன்று: மேல்தோல், உள்தோல், தோலடிக் கொழுப்பு. மேல்தோலில் இரத்தக் குழாய் கிடையாது. அதனால் இரத்தம் வந்தால் உள்தோலைத் தொட்டுவிட்டோம் என்று அர்த்தம். மேல்தோலின் அடிமட்டத்தில் புதுச் செல்கள் பிறந்து, மேலே தள்ளப்பட்டு, தட்டையாகி, செத்து, மேற்பரப்பில் செதிலாக உதிர்கின்றன. ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய நாலு வாரம், வயதானவர்களுக்கு அதைவிட அதிகம்.

இந்த மேல்தோலுக்குள்ளேதான் ஐந்து அடுக்கு எண்ணுகிறார்கள். அதில் ஒன்று, பளபளப்பான மெல்லிய அடுக்கு, உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் மட்டும்தான் தெளிவாகத் தெரியும். அப்பாவின் முன்னங்காலில் அது கிடையாது, அங்கே நாலுதான். உள்தோலை மேல், கீழ் என்று இரண்டாகப் பிரிப்பார்கள். கொழுப்பு ஒன்று. கூட்டினால் ஏழு! துள்ள வேண்டாம். உள்ளங்கையில் எண்ணினால் எட்டு வரும், பெரிய பிரிவை மட்டும் எண்ணினால் மூன்று. எங்கள் தொழிலில் ஒரு நிரலை எத்தனை பாகமாகப் பிரிப்பது என்பது யார், எதற்காகப் பிரிக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. இங்கேயும் அப்படித்தான்.

எனக்குத் தேவைப்பட்ட பதில் அடுக்குகளில் இல்லை, இரண்டு அடுக்கு சேரும் இடத்தில் இருந்தது. மேல்தோலும் உள்தோலும் சந்திக்கும் எல்லை நேர்க்கோடு அல்ல. மேலிருந்து விரல் விரலாக இறங்க, கீழிருந்து மேடு மேடாக ஏற, இரண்டும் கோத்துக்கொண்டு நிற்கும். நம் இரண்டு கையையும் விரல் கோத்துப் பிடித்தால் இழுத்தாலும் வராதே, அந்த மாதிரி. வயதாக ஆக இந்தக் கோப்பு தளர்ந்து, எல்லை தட்டையாகிவிடுகிறது. கோத்த கை, ஒன்றின்மேல் ஒன்று வைத்த கையாகிவிடுகிறது. உள்தோலின் நார்களும் குறைந்து மெலிகின்றன, முன்னங்காலில் அடியில் மெத்தை மாதிரி இருந்த கொழுப்பும் குறைகிறது. நேராக அழுத்தினால் தாங்கிக்கொள்ளும் தோல், பக்கவாட்டில் இழுத்தால் நழுவிவிடும்.

நான் செய்தது அதைத்தான். அழுத்தியதில் அவ்வளவு தப்பில்லை. இழுத்ததுதான் தப்பு.

தொக்கு, தொக்கணம்

தமிழில் தோலுக்கு இன்னொரு பெயர் தொக்கு. ஊறுகாய் இல்லை, ஐம்பொறியில் ஒன்றாகத் தத்துவ நூல்கள் சொல்லும் தொக்கு. அதையே மெய் என்றும் சொல்கிறோம். தொல்காப்பியம் உயிர்களை அறிவு வரிசையில் அடுக்கும்போது முதலில் வைப்பது தொட்டு அறிகிற அறிவைத்தான், புல்லுக்கும் மரத்துக்கும் உள்ளது அது. கருவிலும் முதலில் வருவது தொடு உணர்வுதான். எட்டாவது வாரத்திலேயே உதட்டைச் சுற்றித் தொட்டால் கரு அசையும்.

சித்த மருத்துவத்தில் உடம்பு பிடித்துவிடும் சிகிச்சைக்குப் பெயர் தொக்கணம். அதை ஒன்பது வகையாகப் பிரித்திருக்கிறார்கள்: தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்தல், அசைத்தல். இந்தப் பட்டியலை நான் மருமகளிடம் காட்டினேன். அவள் பென்சிலை எடுத்து ஒவ்வொன்றின் பக்கத்திலும் அது எந்த ஆழத்துக்குப் போகும் என்று குறிக்க ஆரம்பித்தாள். பிடித்தலும் அழுத்தலும் சதை வரைக்கும். அசைத்தல் மூட்டுக்கு. "இழுத்தல் மட்டும் மேல்தோலையும் உள்தோலையும் பிரிச்சு இழுக்குது மாமா. தாத்தாவுக்கு அது வேண்டாம்" என்றாள். எனக்கு ஒரு வருஷம் ஆன விஷயம், அவளுக்கு ஐந்து நிமிஷம்.

தோலில் உணர்வு முனைகளும் இப்படி ஆழம் ஆழமாகத்தான் இருக்கின்றன. மெல்லிய தொடுகையை அறியும் மைஸ்னர் முனைகள், 1852இல் விவரிக்கப்பட்டவை, மேல்தோலுக்கு நேர் கீழே. விரல் நுனியில் நிறைய உண்டு. அதிர்வை அறியும் பசினி முனைகள் அடி ஆழத்தில், கொழுப்பை ஒட்டி. சட்டைப்பையில் போன் சுமார் 200 ஹெர்ட்ஸில் அதிர்வது நமக்கு உடனே தெரிவது இந்த பசினி முனைகளால்தான். ஆக, இதமாக இருப்பதற்கு எல்லா நேரமும் ஆழமாக அழுத்த வேண்டியதில்லை. சும்மா தடவினாலே அதை வாங்கிக்கொள்ள மேலேயே ஆள் இருக்கிறது.

தமிழில் படித்தவர்கள்

மருமகள் நோட்டு முழுக்க ஆங்கிலம். மனப்பாடம் பண்ணியிருக்கிறாள், புரியவில்லை. தமிழில் சொன்னதும் பிடித்துக்கொண்டாள். இது புதிய பிரச்சினை இல்லை, 150 வருஷத்துக்கு முன்னால் யாழ்ப்பாணத்தில் ஒருவர் இதைத் தீர்த்துப் பார்த்திருக்கிறார். சாமுவேல் பிஸ்க் கிறீன் என்ற அமெரிக்க மிஷன் மருத்துவர். 1847இல் வந்து, மானிப்பாயில் மருத்துவமனை நடத்தி, உள்ளூர் மாணவர்களுக்கு மேற்கத்திய மருத்துவம் கற்பித்தார். முதலில் ஆங்கிலத்தில். 1860களில் முழுக்கத் தமிழுக்கு மாறினார். இங்கிலீஷில் படித்தவர்கள் ஊரைவிட்டு அரசாங்க வேலைக்குப் போய்விடுகிறார்கள், தமிழில் படித்தால் ஊரிலேயே வைத்தியம் பார்ப்பார்கள் என்பது அவர் எண்ணம். அதற்காகப் புத்தகங்களைத் தமிழில் கொண்டுவந்தார். அறுவை மருத்துவத்துக்கு 'இரணவைத்தியம்', 1867. கிரேயின் உடற்கூற்று நூல் லண்டனில் வந்தது 1858இல். அது 'மனுஷ அங்காதிபாதம்' என்று தமிழில் வந்தது 1872இல். வெறும் 14 வருஷத்தில்.

திருச்சி அரசு மருத்துவக் கல்லூரிக்கு ஊர்த் தமிழறிஞர் கி.ஆ.பெ. விசுவநாதம் பெயர்தான். தமிழ் மருத்துவத்துக்காகவும் பேசியவர் அவர். அந்தக் கட்டடத்தைத் தாண்டிப் போகும்போதெல்லாம் இந்த 1872 எனக்கு ஞாபகம் வருகிறது. டாக்டர் ஆகிறவர்கள் ஆங்கிலத்தில் படித்து மேலே வந்துவிடுவார்கள். ஆனால் நாளைக்கு யாரோ ஒரு பெரியவர் காலில் கை வைக்கப்போகும் பெண்ணுக்கு, 'இந்த இரண்டு அடுக்கும் விரல் கோத்த மாதிரி இருக்கு, வயசானா கழன்றுடும்' என்று அவள் மொழியில் யாராவது சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்று என் வீட்டிலேயே பார்த்துவிட்டேன்.

பரீட்சைக்கு என்ன எழுதினாள்

"மூணுன்னு எழுது. பக்கத்துல அஞ்சு எங்கேன்னு எழுது. ஏழு யாரு எதுக்கு எண்ணினதுன்னு ஒரு வரி எழுது" என்றேன். அப்படியே எழுதியிருக்கிறாள். மார்க் இன்னும் வரவில்லை.

அப்பாவின் கால் ஆற ஐந்து வாரம் ஆனது. அந்த இடம் இப்போதும் கொஞ்சம் வெளுத்து, காகிதம் மாதிரி மின்னுகிறது. சனிக்கிழமை எண்ணெய் நிற்கவில்லை. சூடு ஆறிய எண்ணெயைக் கை நிறைய எடுத்துக்கொள்கிறேன். உள்ளங்கையை முழுசாகப் பதிய வைத்து, மெதுவாக அமர்த்தி, எடுத்து, அடுத்த இடத்தில் வைக்கிறேன். முன்னங்காலில் இழுப்பதே இல்லை. சதை இருக்கும் கெண்டைக்காலில் மட்டும் லேசாகப் பிடித்துவிடுகிறேன். முன்பு கால் மணி நேரத்தில் முடியும், இப்போது முக்கால் மணி ஆகிறது. நடுவில் அப்பா தூங்கிவிடுகிறார்.

இந்த வருஷம் ஆனி ஜேஷ்டாபிஷேகத்துக்குக் காவிரியிலிருந்து யானைமேல் தங்கக்குடத்தில் தண்ணீர் போனதை வாசலில் நின்று பார்த்தார். மூலவர் பெரிய பெருமாள் சுதை மேனி என்பதால் அந்தத் தண்ணீர் அவருக்குக் கிடையாது, தைலம்தான். வீட்டுக்குள் வந்து காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு சொன்னார்:

"இப்பதான்டா நீ சாத்துறே."